மைதானத்தில் ஒலிக்கப்போகும் இசைக்கு வேறு கணக்கு

கேள்வி இதுதான்: தேசிய விளையாட்டு விழா ஒன்றின் தொடக்கத்துக்காக நான்கு நிமிட ஆர்கெஸ்ட்ரா இசை எழுதியாகிவிட்டது. கணினியில் போட்டுக் கேட்டால் கம்பீரமாக இருக்கிறது. ஒத்திகையில் மைதானத்தில் வாசித்தபோது எல்லாம் கலந்து கூழாகிப்போனது. நாட்டுப்பற்று கேட்கவில்லை, சத்தம்தான் கேட்டது. எங்கே பிழை, எப்படித் திருத்துவது?

பிழை பெரும்பாலும் மெட்டில் இருக்காது. கச்சேரி அரங்குக்கு எழுதுகிற கையோடு விழாவுக்கும் எழுதியதில்தான் இருக்கும். விழா இசையின் வடிவத்தை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: அது ஒலிக்கப்போகும் இடம், அது நிரப்ப வேண்டிய நேரம். இரண்டையும் ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிவைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு மெட்டைத் தொட வேண்டும்.

முதலில் இடம். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஏறக்குறைய 34 மீட்டருக்குப் பத்தில் ஒரு நொடி. இசைக்குழு மைதானத்தின் ஓர் ஓரத்தில், எதிர்ப்புற கேலரி 150 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒலி போய்ச் சேர 0.44 நொடி ஆகும். அங்கே சுவரில் மோதித் திரும்பி வர மொத்தம் 0.87 நொடி. நிமிடத்துக்கு 120 பீட் என்ற நடையில் ஒரு பீட் அரை நொடிதான். அப்படியானால் மூன்றாவது பீட் தொடங்குவதற்குள் முதல் பீட் எதிரொலியாக வந்து மேலே விழுகிறது. வயலின்கள் ஒரு பீட்டுக்கு நான்கு ஸ்வரம் என்று ஓடிக்கொண்டிருந்தால், ஏழு ஸ்வரத்துக்கு முந்தைய ஸ்வரம் இப்போதைய ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும். கணினியில் மின்னிய அந்த ஓட்டம் மைதானத்தில் கூழாவது இப்படித்தான்.

ஒலிப்பொறியாளர் ஓரளவு காப்பாற்றுவார். தொலைவில் நிற்கும் ஸ்பீக்கர்களுக்கு டிலே கொடுப்பார், அதாவது அவற்றின் ஒலியைச் சற்றுத் தாமதமாக விடுவார். 68 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கருக்குச் சுமார் 200 மில்லிநொடி. ஆனால் வேகமாக மாறும் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, அவரால் மெதுவாக்க முடியாது. அது எழுதுகிறவர் வேலை. திறந்தவெளிக்கு எழுதும்போது கார்டு ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு பாருக்கு ஒரு முறை மாறினால் போதும். இரண்டு பாருக்கு ஒரு முறை என்றால் இன்னும் நல்லது. கீழ் ஸ்தாயியில் மூன்று ஸ்வரக் கார்டை நெருக்கி அடுக்கக் கூடாது. அங்கே ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் இருக்கட்டும், காந்தாரத்தை மேலே கொண்டுபோய் வையுங்கள். டிராம்போன்களும் டியூபாவும் கீழே நெருக்கமாக நிற்கும் ஒரே ஒரு கார்டு முழு மைதானத்தையும் உறுமலாக்கிவிடும்.

இதற்கு நான் எப்போதும் முன்னால் எடுத்துவைப்பது ஆரன் கோப்லாண்ட் 1942இல் எழுதிய 'ஃபேன்ஃபேர் ஃபார் தி காமன் மேன்'. போர்க்காலத்தில் சின்சினாட்டி சிம்பொனியின் கண்டக்டர் யூஜின் கூசென்ஸ் கேட்டதற்காக எழுதியது. 1943 மார்ச் 12 அன்று முதலில் வாசிக்கப்பட்டது. நான்கு ஹார்ன், மூன்று டிரம்பெட், மூன்று டிராம்போன், ஒரு டியூபா, டிம்பனி, பேஸ் டிரம், டாம்-டாம் என்ற பெரிய உலோகக் காங். அவ்வளவுதான், ஒரு வயலின்கூடக் கிடையாது. தோல்வாத்தியமும் டாம்-டாமும் சேர்ந்து ஓர் அடி அடிக்கின்றன. பிறகு இடைவெளி. அந்த அடி முழுக்க அடங்க நேரம் கொடுத்துவிட்டே அடுத்தது வருகிறது. அதற்கப்புறம் டிரம்பெட்டுகள், எல்லாம் ஒரே ஸ்வரத்தில், துணைக் கார்டு இல்லாமல். சற்று நேரம் கழித்து ஹார்ன்கள் கூடுகின்றன. டிராம்போனும் டியூபாவும் இன்னும் பொறுத்துத்தான் வருகின்றன. மூன்று நிமிடச் சொச்சத்தில் ஒருவரும் அவசரப்படுவதில்லை. ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களுக்கும் சேர்த்து எழுதிய இசைத்தாளைத் திறந்து, ஸ்வரம் இல்லாத இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள். கம்பீரத்தில் பாதி அந்த வட்டங்களுக்குள் இருக்கிறது.

வாத்தியத் தேர்வும் இடத்தைப் பொறுத்ததே. 1749 ஏப்ரல் 27 அன்று லண்டன் கிரீன் பார்க்கில் சமாதான உடன்படிக்கையைக் கொண்டாட வாணவேடிக்கை நடந்தது. அதற்கு இசை எழுதியவர் ஹாண்டல். தந்தி வாத்தியம் வேண்டாம், போர்க்களத்து வாத்தியங்களே வேண்டும் என்பது இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் விருப்பம். ஸ்கோரில் 24 ஓபோ, 12 பஸூன், 9 டிரம்பெட், 9 ஹார்ன், மூன்று ஜோடி டிம்பனி. மன்னரின் ரசனையை விட்டுவிடுவோம், ஒலியியல்படி அவர் சொன்னது சரி. திறந்தவெளியில் வயலினின் ஒலியைத் தாங்கித் திருப்பி அனுப்பக் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. ஹாண்டல் பிறகு உள்ளரங்கில் வாசிக்கத் தந்திகளைச் சேர்த்துக்கொண்டார்.

இன்று மைக் இருக்கிறதே என்பீர்கள். இருந்தாலும் தந்திகளுக்குத் திறந்தவெளியில் வேகமான வேலை கொடுக்காதீர்கள். நீண்ட ஸ்வரங்கள், டிரெமோலோ (ஒரே ஸ்வரத்தை வில்லால் நடுங்கவிடுவது), மெட்டை ஒரு ஸ்தாயி மேலே இரட்டிப்பது ஆகியவை போதும். ஹார்ன் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். அதன் வாய் பின்னோக்கித் திரும்பியிருக்கிறது. அரங்கில் பின்சுவர் அந்த ஒலியை முன்னால் தள்ளிக் கொடுக்கும். மைதானத்தில் அது பின்னால் போனது போனதுதான். அணிவகுத்துப் போகும் பேண்டுகள் ஹார்னுக்குப் பதில் முன்னோக்கி ஊதும் மெல்லோஃபோனை வைத்திருப்பது இதனால்தான். முக்கியமான மெட்டை ஹார்னிடம் மட்டும் ஒப்படைத்தால் முதல் வரிசைக்கே கேட்காது. ஒரு டிராம்போனையோ யூஃபோனியத்தையோ கூட வைத்து இரட்டிக்கவும், அல்லது ஹார்ன்களுக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு நிறுத்தவும்.

அடுத்து எடுப்பு, அதாவது ஃபேன்ஃபேர் என்ற தொடக்க முழக்கம். வால்வு இல்லாத பியூகிளில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால் வருகிற ஸ்வரங்கள் கீழ்ப் பஞ்சமம், ஷட்ஜம், காந்தாரம், மேல் பஞ்சமம் என்ற வரிசைதான். பல நூற்றாண்டுகளாகப் படைகளும் அரண்மனைகளும் ஆட்களைக் கூப்பிட்டது இந்த நான்கைந்து ஸ்வரங்களால். 'ப ச க ப' என்று ஒரு டிரம்பெட் எழும்பினாலே கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவதற்குக் காரணம் அந்தப் பழைய பழக்கம். ஆனால் அந்த நாலு ஸ்வரத்தோடு நின்றுவிட்டால் உங்கள் ஃபேன்ஃபேருக்கும் இன்னொருவருடையதற்கும் வித்தியாசம் இருக்காது. தாளத்தில் ஒரு தனி அடையாளம் கொடுங்கள்: எதிர்பாராத இடத்தில் ஒரு நீட்டல், மூன்று ஸ்வரக் கொத்து, ஓர் அரைபீட் மௌனம். மெட்டை அழித்துவிட்டுத் தாளத்தை மட்டும் மேசையில் தட்டினாலும் எந்த ஃபேன்ஃபேர் என்று சொல்ல முடிய வேண்டும்.

நாட்டுப்பற்று எங்கிருந்து கேட்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். முழுப் பலத்தோடு எல்லோரும் ஊதுவதிலிருந்து அது வருவதில்லை. ஓர் ஆள் வாயில் முணுமுணுக்கக்கூடிய மெட்டு ஒன்று, முதல் முறை தணிந்த குரலில் வருவதில்தான் அது பிறக்கிறது. எல்கரின் 'பாம்ப் அண்ட் சர்கம்ஸ்டன்ஸ்' வரிசையின் முதல் மார்ச்சை, அதாவது அணிநடை இசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1901 அக்டோபர் 19 அன்று லிவர்பூலில் முதலில் ஒலித்தது. மார்ச்சின் பரபரப்பு டி மேஜர் சுருதியில். நடுவில் அந்தப் புகழ்பெற்ற மெட்டு ஜி மேஜரில், மென்மையாக, வயலினின் தாழ்ந்த தந்தி நிறத்தில் வருகிறது. அதன் பிறகே முழு ஆர்கெஸ்ட்ராவும் அதை எடுக்கிறது. கடைசியில் அதே மெட்டு டி மேஜருக்கு, மார்ச்சின் சொந்த சுருதிக்கு வந்து சேர்கிறது. அந்தக் கடைசி வருகை வீடு திரும்பியது போல இருப்பதற்குக் காரணம் சுருதித் திட்டம், வால்யூம் அல்ல. அடுத்த ஆண்டே அந்த மெட்டுக்கு வரிகள் எழுதப்பட்டுப் பாட்டாகிவிட்டது.

சிபேலியஸின் 'ஃபின்லாண்டியா' இன்னும் நல்ல பாடம். பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த 1899இல் பத்திரிகையாளர்களுக்கான விழா நிகழ்ச்சி ஒன்றுக்காக எழுதப்பட்டு, அடுத்த ஆண்டு திருத்தப்பட்டது. தொடக்கத்தில் பித்தளை வாத்தியங்களின் உறுமல், நடுவில் போராட்டம், அதெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு துதிப்பாடல் போன்ற மெட்டு. அந்த மெட்டு ஒரே ஸ்தாயிக்குள் அடங்குகிறது. பெரும்பாலும் பக்கத்து ஸ்வரத்துக்கே நகர்கிறது. யாராலும் பாட முடியும். அதனால்தான் பிற்பாடு வரிகள் தேடி வந்து அதில் உட்கார்ந்தன.

ஆகவே உங்கள் மெட்டுக்கு வைக்க வேண்டிய சோதனை: வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடிப் பாருங்கள். ஒரு ஸ்தாயியும் இரண்டு மூன்று ஸ்வரமும் தாண்டினால் கூட்டம் பாடாது. கூட்டத்தையும் சேர்த்துப் பாடவைக்கும் எண்ணம் இருந்தால் உச்ச ஸ்வரம் நடு சி-க்கு மேல் ஸ்தாயியின் டி-யைத் தாண்ட வேண்டாம். ஆண்கள் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்வார்கள். பி-ஃபிளாட், இ-ஃபிளாட், எஃப் மேஜர் கீகள், அதாவது சுருதிகள், பித்தளை வாத்தியங்களுக்குக் கைவந்தவை. கடைசிச் சுற்றில் கீயை ஒரு ஸ்வரம் ஏற்றுவது பலருக்குப் பிடித்த உத்தி. ஒரு முறை என்றால் சரி. இரண்டாவது முறை ஏற்றினால் உணர்ச்சி தீர்ந்துபோய் உத்தி மட்டும் தெரியும்.

தேசிய கீதத்தின் ஒரு துண்டை உள்ளே நுழைக்கலாமா என்று பலரும் யோசிப்பார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. கீதம் எப்படியும் அதே மேடையில் தனியாக வரப்போகிறது. முன்கூட்டியே அதன் துண்டைக் கேட்டால் மக்கள் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தடுமாறுவார்கள். வரலாற்றுக் குறிப்பாக மேற்கோள் காட்டினால் காலம் சரியா என்றும் பார்க்க வேண்டும். 1812இல் நெப்போலியனை ரஷ்யா விரட்டியதைக் கொண்டாடும் சைகோவ்ஸ்கியின் '1812' 1880இல் எழுதப்பட்டது. அதில் வெற்றியின் அடையாளமாக முழங்கும் ரஷ்யக் கீதம் 1833இல்தான் பிறந்தது. இசையாக அது நிற்கிறது, ஆனால் இன்று ஒரு தேசிய விழாவில் அந்த மாதிரி இடறலை யாராவது ஒருவர் கண்டுபிடித்தே தீருவார். நாட்டுப்புற மெட்டு எடுத்தால் அதன் வரிகள் என்ன, யார் எதற்காகப் பாடியது என்று விசாரித்துவிட்டு எடுங்கள்.

எடுப்பும் மெட்டும் தனித்தனியாக வந்து கடைசியில் சேர்வது இந்த வகை இசையின் முதுகெலும்பு. ஜான் வில்லியம்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு எழுதியதில் அதைத் தெளிவாகக் கேட்கலாம். ஷோஸ்டகோவிச்சின் 1954ஆம் ஆண்டு 'ஃபெஸ்டிவ் ஓவர்ச்சர்' முடிவில் தொடக்க ஃபேன்ஃபேர் திரும்பும்போது நான்கு ஹார்ன், மூன்று டிரம்பெட், மூன்று டிராம்போன் என்று கூடுதலாகப் பத்துப் பேர் சேர ஸ்கோரில் இடம் இருக்கிறது. ஆனால் விளையாட்டும் நாட்டுப்பற்றும் உண்மையாகவே ஒன்றாகப் பிறந்த படைப்பு யானாசெக்கின் 'சின்ஃபோனியெட்டா'தான். செக் நாட்டின் சோகோல் உடற்பயிற்சி இயக்கம் பிராகில் நடத்திய விழாவுக்கு ஃபேன்ஃபேர் கேட்கப் போக, அது வளர்ந்து ஐந்து பகுதிகள் கொண்ட பெரும் படைப்பாகி 1926 ஜூன் 26 அன்று ஒலித்தது. முதல் பகுதியில் ஒன்பது டிரம்பெட், இரண்டு பேஸ் டிரம்பெட், இரண்டு டெனர் டியூபா, டிம்பனி மட்டும். ஆர்கெஸ்ட்ராவின் மற்ற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசிப் பகுதியில் அதே ஃபேன்ஃபேர் திரும்புகிறது, இப்போது முழு ஆர்கெஸ்ட்ராவும் சுற்றிலும் அதிர்ந்துகொண்டு. முதல் நிமிடத்தில் சேர்த்துவைத்த பலத்தைக் கடைசி நிமிடத்தில் செலவழிக்கும் இந்தப் பொறுமை உங்கள் நான்கு நிமிடத்துக்குள்ளும் சாத்தியம்.

இனி நேரக் கணக்கு. 4/4 தாளத்தில் நிமிடத்துக்கு 96 பீட் என்றால் ஒரு பார் 2.5 நொடி, நான்கு நிமிடம் என்பது சரியாக 96 பார். அதை இப்படிப் பிரிக்கலாம்: எடுப்பு 12 பார், டிம்பனி வழியே ஒரு பாலம் 4, மெட்டு முதல் முறை மென்மையாக 16, மார்ச் நடையில் நடுப்பகுதி 24, மெட்டு முழுக்குழுவோடு 16, எடுப்பும் மெட்டும் ஒன்றாக 16, முடிப்பு 8. முழுக்குழுவும் ஒன்றாக ஊதுவது மொத்தத்தில் பாதியைத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பலரும் முதல் பாரிலிருந்தே சைட் டிரம்மை உருட்டவிட்டு, முடிக்கும் போதும் உருட்டிக்கொண்டிருப்பார்கள். காது அதை இரண்டாவது நிமிடத்தில் ஒதுக்கிவிடும்.

விழா ஒருபோதும் அட்டவணைப்படி நடக்காது. விருந்தினர் வர 40 நொடி தாமதமாகும், அல்லது ஒரு நிமிடம் குறைக்கச் சொல்வார்கள். அதனால் ஸ்கோரிலேயே மூன்று வசதி வையுங்கள். பாலப்பகுதியின் 4 பார், எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றக்கூடியதாக. நடுப்பகுதியை முழுதாகத் தாண்டிப் போக ஒரு வெட்டுக்குறி. அதன் முன்னும் பின்னும் ஒரே கீ, ஒரே நடை. எங்கிருந்தும் தாவிப்போய்ச் சேரக்கூடிய 8 பார் முடிப்பு. ஒவ்வொன்றையும் கண்டக்டர் விரல் சைகையில் காட்ட முடிய வேண்டும், வாத்தியக்காரர் ஒவ்வொருவரின் தாளிலும் அதே எழுத்துக்குறி தடித்து இருக்க வேண்டும். வாணவேடிக்கையோடு இசை சேர வேண்டுமானால் கிளிக் டிராக் (வாசிப்பவர் காதில் பீட்டைத் தட்டிக்காட்டும் ஒலிப்பதிவு) தவிர வழியில்லை. அப்போது நடையைக் கடைசியில் இழுப்பதைக்கூட முன்பே கிளிக்கில் எழுதிவிட வேண்டும், மேடையில் மனம்போல இழுக்க முடியாது.

வீரர்கள் நடந்து வரும் அணிவகுப்புக்குத் தனி இசை வேண்டும், தொடக்க இசையை நீட்டிச் சமாளிக்கக் கூடாது. நடை 112 முதல் 120 பீட். 120 நடையில் 8 பார் 16 நொடி. எட்டு எட்டு பாராக ஆறேழு கட்டங்கள் எழுதி, எதற்குப் பின்னாலும் எது வந்தாலும் ஒட்டும்படி ஒரே கீயில் தொடங்கி முடியுங்கள். டிரம்பெட் இல்லாத கட்டங்கள் குறைந்தது இரண்டு இருக்கட்டும். ஊதுகிறவர்களின் உதட்டுக்கு ஓய்வு வேண்டும்.

பரிசளிப்பில் கீதம் ஒலிப்பது சின்ன வேலை போலத் தெரியும், ஆனால் அதிகம் சறுக்குவது அங்கேதான். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்காக 205 கீதங்களை லண்டன் ஃபில்ஹார்மோனிக் முன்கூட்டியே பதிவுசெய்து வைத்தது. நீளமான கீதங்களைச் சுருக்கினால்தான் கொடி ஏறும் நேரத்தோடு ஒத்துவரும். கணக்கு எளிது: கொடி ஏற வேண்டிய உயரம் 9 மீட்டர், கீதம் 60 நொடி என்றால் நொடிக்கு 15 சென்டிமீட்டர். கடைசி ஸ்வரமும் கொடியும் ஒன்றாக உச்சியைத் தொட வேண்டும். அதே 2012இல் குவைத்தில் நடந்த துப்பாக்கி சுடும் போட்டியில் கஜகஸ்தான் வீராங்கனை தங்கம் வாங்கி நின்றபோது, ஒரு நையாண்டிப் படத்துக்காக எழுதப்பட்ட போலிக் கீதம் ஒலித்தது. ஒரு நாட்டின் மரியாதை ஓர் ஒலிக்கோப்பில் போய்விடுகிறது. ஒவ்வொரு கீதத்தையும் அந்தந்த நாட்டின் பிரதிநிதியிடம் முழுக்கப் போட்டுக்காட்டி ஒப்புதல் வாங்குங்கள். கோப்பின் பெயரில் நாடு, தேதி, நீளம் இருக்கட்டும்.

விழா நாளன்று வெயில் இன்னொரு வேலை காட்டும். காற்றின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஊதுகுழல்களின் சுருதி கோட்பாட்டின்படி ஏறக்குறைய 30 சென்ட் உயரும். அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். ஊதுகிறவரின் மூச்சே குழலைச் சூடாக வைத்திருப்பதால் நடைமுறையில் இவ்வளவு வராது, ஆனாலும் காதுக்குத் தெரியும். அதே வெயிலில் தந்தியும் டிம்பனியின் பிளாஸ்டிக் தோலும் தளர்ந்து சுருதி இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகுவதால் நிகழ்ச்சிக்குச் சற்று முன்பு, உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில் சுருதி சேர்க்க வேண்டும். உள்ளறையில் சேர்த்துக்கொண்டு வருவது பயனில்லை. வாத்தியங்களுக்கு நிழல் கட்டாயம். தாள்கள் பறக்காமல் இருக்க ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் நான்கு துணிக் கிளிப்பு. டிரம்பெட்காரர் 40 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்து முதல் ஸ்வரமே உச்ச ஸ்தாயியில் பிடிக்க வேண்டும் என்றால் அது உடையும். அதனால் எடுப்பு நடு ஸ்தாயியில் தொடங்கி ஏறட்டும், உச்சி சி ஒரே ஒரு முறை, கடைசி 8 பாருக்குள் வரட்டும்.

இப்போது கையில் இருக்கும் உங்கள் இசையைத் திருத்த ஒரு வழி. கணினியில் இருக்கும் ஒலிப்பதிவை இன்னொரு டிராக்கில் நகல் எடுத்து, 870 மில்லிநொடி பின்னால் தள்ளி, 8 டெசிபல் குறைத்து, அதன் மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் வெட்டிவிட்டு இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். அடுத்த அறைக்குப் போய்க் கதவைத் திறந்துவைத்துக் கேளுங்கள். எது தெளிவாகக் காதில் விழுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். விழாத உள் ஓட்டங்களை நீக்கி அந்த இடத்தை மௌனமாக விடுங்கள். எடுப்பின் 12 பாரையும் மெட்டின் முதல் 16 பாரையும் இப்படித் திருத்தி முடித்துவிட்டே மீதியைத் தொடுங்கள், ஏனென்றால் மற்ற 68 பாரும் இந்த 28இலிருந்துதான் வரப்போகிறது.